ஆலயத்துக்குள்ளேயே தொலைந்துபோன வேதம்! அப்பா உடையைக் கிழித்தார், மகன் சுருளையே எரித்தான்

கடவுளின் புத்தகம் தொலைந்துபோனது. எங்கே தெரியுமா? கடவுளின் வீட்டுக்குள்ளேயே! எருசலேம் ஆலயத்தில் பலி நடக்கிறது, ஆசாரியர்கள் வந்துபோகிறார்கள், காணிக்கைப் பெட்டியில் பணம் விழுகிறது. கடவுள் மோசே வழியாகக் கொடுத்த சட்டங்கள் அடங்கிய நியாயப்பிரமாணப் புத்தகம் எங்கே என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

கடைசிவரை பாருங்கள். 1982-ஆம் ஆண்டு மண்ணுக்கடியிலிருந்து வெளிவந்த ஒரு சின்னக் களிமண் துண்டு இந்தக் கதைக்குள் வரப்போகிறது.

பின்னணியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். யூதா தேசத்தை 55 ஆண்டுகள் ஆண்ட மனாசே, ஆலயத்துக்குள்ளேயே அந்நிய தெய்வங்களுக்குப் பலிபீடம் கட்டினான். அவன் மகன் ஆமோன் இரண்டே ஆண்டுகளில் கொல்லப்பட்டான். பேரன் யோசியா 8 வயதில் ராஜாவானார். இது போதும், கதைக்குள் போவோம்.

(திரையில்: 2 இராஜாக்கள் 22)

யோசியா ஆட்சிக்கு வந்த 18-ஆம் ஆண்டு, ஏறத்தாழ கி.மு. 622. ஆலயத்தில் பழுதுபார்க்கும் வேலை. அப்போது பிரதான ஆசாரியர் இல்க்கியா அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்து, சம்பிரதி, அதாவது ராஜாவின் எழுத்தர், சாப்பானிடம் கொடுக்கிறார். சாப்பான் ராஜாவிடம் போய் முதலில் என்ன சொன்னார் என்று பாருங்கள். பணக் கணக்கு! ஆலயத்தில் சேர்ந்த பணத்தை வேலை செய்கிறவர்களிடம் ஒப்படைத்தாயிற்று என்கிறார். அதற்குப் பிறகுதான், இல்க்கியா ஒரு புத்தகம் கொடுத்தார் என்று சொல்லி வாசிக்கத் தொடங்குகிறார்.

வாசிப்பைக் கேட்ட ராஜா துக்கத்தில் தம் உடையைக் கிழித்துக்கொண்டார். ஒன்றை மறந்துவிடாதீர்கள், இவர் கெட்ட ராஜா அல்ல. 16 வயதிலேயே கடவுளைத் தேடத் தொடங்கியவர் என்று 2 நாளாகமம் 34 சொல்கிறது. நாட்டிலுள்ள விக்கிரகங்களை ஏற்கெனவே உடைக்கத் தொடங்கிவிட்டவர். 'நான்தான் நல்லவனாயிற்றே, இதெல்லாம் மற்றவர்களுக்கு' என்று அவர் தப்பித்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வாசித்த ஒவ்வொரு வரியையும் தமக்கு வந்த கடிதமாக எடுத்துக்கொண்டார். நாம் வேதம் வாசிக்கும்போது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரரைத்தானே நினைத்துக்கொள்கிறோம்?

உடனே ஐந்து பேரை அனுப்பிக் கடவுளின் சித்தத்தைக் கேட்கச் சொல்கிறார். அவர்கள் போனது உல்தாள் என்ற பெண் தீர்க்கதரிசியிடம். எரேமியா தீர்க்கதரிசி ஊழியத்தைத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது, இருந்தும் இவளிடம் போனார்கள்! பிரதான ஆசாரியரே ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நிற்கிறார். உல்தாள் பூசி மெழுகவில்லை. தேசத்தின்மேல் கடவுளின் தீர்ப்பு வந்தே தீரும். நீர் மனம் இளகி அழுதபடியால் அதை உம் கண் காணாது, அவ்வளவுதான் என்று சொல்லியனுப்பினாள்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். தீர்ப்பு மாறாது என்று தெரிந்துவிட்டது. தம் காலத்தில் ஆபத்து இல்லை என்றும் தெரிந்துவிட்டது. இனி யோசியா நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்கலாமே! அவரோ சிறியோர் முதல் பெரியோர் வரை எல்லாரையும் ஆலயத்தில் கூட்டி, முழுப் புத்தகத்தையும் அவர்கள் கேட்க வாசித்தார். பிள்ளைகளை நெருப்பில் பலியிட்ட தோப்பேத் என்ற இடத்தை இனி யாரும் பயன்படுத்த முடியாதபடி செய்தார். சூரியனுக்கென்று ஆலய வாசலில் நிறுத்தியிருந்த குதிரைகளை அகற்றினார். நியாயாதிபதிகள் காலத்துக்குப் பிறகு அப்படி ஒரு பஸ்கா பண்டிகை நடந்ததே இல்லை என்கிறது வேதம். கைம்மாறு எதிர்பார்த்துச் செய்ததல்ல இது. முழு இருதயம் என்றால் இதுதான் என்பேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

(திரையில்: எரேமியா 36)

இப்போது யோசியாவின் மகன், ராஜா யோயாக்கீம். எரேமியா சொல்லச் சொல்ல அவருடைய எழுத்தர் பாருக் ஒரு சுருளில் எழுதுகிறார். அந்தச் சுருள் மக்களுக்கு முதலில் வாசிக்கப்பட்டது யாருடைய அறையில்? சாப்பானின் மகன் கெமரியாவின் அறையில்! அப்பா சாப்பான் யோசியாவுக்கு வேதத்தை வாசித்தார், மகன் தன் அறையைத் திறந்துவிட்டார்.

சுருள் அரண்மனைக்குப் போகிறது. குளிர்காலம், ராஜாவின் முன்னால் கணப்பு எரிகிறது. யெகுதி என்பவர் வாசிக்கிறார். மூன்று நான்கு பத்தி முடிந்ததும் ராஜா சூரிக்கத்தியால் அந்தப் பகுதியை அறுத்து நெருப்பில் போடுகிறான். மறுபடி வாசிப்பு, மறுபடி கத்தி. கோபத்தில் ஒரே வீச்சாக வீசியிருந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். இவன் துண்டு துண்டாக, நிதானமாக எரிக்கிறான். எரிக்க வேண்டாம் என்று மன்றாடிய மூவரில் கெமரியாவும் ஒருவர். ராஜா கேட்கவில்லை. அங்கே ஒருவரும் உடையைக் கிழித்துக்கொள்ளவில்லை என்று வேதம் குறிப்பாக எழுதிவைத்திருக்கிறது. அப்பனை நினைவில் வைத்து எழுதிய வரி அது.

பிறகு? கடவுள் எரேமியாவிடம் வேறொரு சுருளை எடுக்கச் சொன்னார். பழைய வார்த்தைகள் எல்லாம் திரும்ப எழுதப்பட்டன, இன்னும் பல வார்த்தைகள் சேர்ந்தன. எரித்ததால் புத்தகம் பெரிதானது!

இனி அந்தக் களிமண். அக்காலத்தில் ஆவணத்தைச் சுருட்டி நூலால் கட்டி, முடிச்சின்மேல் ஈரக் களிமண்ணை அப்பி முத்திரை குத்துவார்கள். 1982-இல் எருசலேமின் தாவீதின் நகரப் பகுதியில் யிகால் ஷிலோ தலைமையில் நடந்த அகழாய்வில் இப்படி ஐம்பதுக்கு மேற்பட்ட முத்திரைகள் ஒரே வீட்டில் கிடைத்தன. அதில் ஒன்றில் பழைய எபிரெய எழுத்தில், 'சாப்பானின் மகன் கெமரியாவுக்கு உரியது'! எரேமியா 36-இல் வரும் அதே கெமரியா என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள்.

அது ஏன் அழியவில்லை? கி.மு. 586-இல் பாபிலோனியர் எருசலேமைக் கொளுத்தினார்கள். அங்கிருந்த சுருள்கள் சாம்பலாயின. ஈரக் களிமண்ணாகக் குத்திய முத்திரைகளோ அந்தத் தீயில் செங்கல்போல் சுட்டு இறுகிவிட்டன. வேதத்தை எரிக்காதே என்று கெஞ்சியவரின் பெயரை நெருப்பே காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. நான் இதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது!

இன்றைக்கே 2 இராஜாக்கள் 22, 23, பிறகு எரேமியா 36, மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். முடிந்தால் வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். யோசியாவும் காதால் கேட்டவர்தான். எந்த வசனத்தில் நின்றுவிட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த வீடியோவில் சாப்பானின் இன்னொரு மகன் அகீக்காம், எரேமியாவின் உயிரைக் காப்பாற்றியவர்.