எங்கள் லீக் பலகையில் ஏறும் பெயர்கள்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஃபேண்டஸி ஃபுட்பால் பற்றிப் பேச்சு என்றதும், டிராஃப்ட்டில் யாரை முதலில் எடுக்கலாம், இந்த வாரம் யாரை வெளியே உட்காரவைக்கலாம் என்று சொல்லப்போகிறேன் என நினைத்திருப்பீர்கள். அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்குக் கிடைத்திருக்கும் இந்த நேரத்தில் வேறொன்றைப் பேச ஆசைப்படுகிறேன். ஒரே நண்பர் கூட்டம் வருஷக்கணக்காக நடத்திவரும் லீக்கில், நமக்குப் பிடித்துப்போன ஆட்டக்காரர்களுக்கு எப்படி மரியாதை செய்வது? செய்யவேண்டுமா என்ற கேள்விக்கே என்னிடம் இடமில்லை. செய்தே ஆகவேண்டும். யாருக்கு, எதற்காக என்பதில்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே ஃபுட்பால் என்பது அமெரிக்கர்களின் ஃபுட்பால், அதாவது என்.எஃப்.எல். ஆட்டம். சீசன் தொடங்குவதற்கு முன்னால் நண்பர்கள் கூடி உட்கார்ந்து, நிஜ ஆட்டக்காரர்களை முறைவைத்து ஒவ்வொருவராக எடுத்து ஆளுக்கொரு அணி கட்டுவார்கள். இதுதான் டிராஃப்ட். ஞாயிற்றுக்கிழமை களத்தில் அவர்கள் ஓடும் தூரமும் பிடிக்கும் பந்தும் நம் கணக்கில் புள்ளியாக ஏறும். பெரும்பாலான லீக்குகளில் ஓடி அடிக்கும் ஒரு டச்டவுனுக்கு, அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டுவதற்கு, 6 புள்ளி; 10 யார்டு ஓட்டத்துக்கு 1 புள்ளி. கிரிக்கெட்டில் ட்ரீம் லெவன் ஆடியவர்களுக்கு இது பாதி புரிந்திருக்கும். மீதிப் பாதிதான் முக்கியம். அங்கே கோலியை எல்லாரும் தங்கள் அணியில் வைத்துக்கொள்ளலாம். இங்கே ஓர் ஆட்டக்காரர் ஒருவருடைய அணியில்தான் இருப்பார், அதுவும் சீசன் முழுக்க. அவருக்கு முழங்கால் வலித்தால் அந்தக் கவலை உங்களுக்கு மட்டும்தான். அவர் அடித்தால் அந்தச் சந்தோஷமும் உங்களுக்கு மட்டும்தான். நாலு மாசம் இப்படிக் கூடவே இருந்தால் பாசம் வராமல் என்ன செய்யும்?

இந்தப் பாசம் இந்த ஆட்டத்தோடு கூடவே பிறந்தது. 1962ல் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணி 14 ஆட்டத்தில் ஒன்றே ஒன்றில்தான் ஜெயித்தது. அந்த அணியில் பங்கு வைத்திருந்த பில் விங்கன்பாக், அணியோடு நியூயார்க் போயிருந்தபோது ஒரு ஹோட்டலில் இரண்டு பேரோடு உட்கார்ந்து இந்த ஆட்டத்துக்கு விதி எழுதினார். ஒருவர் அணியின் செய்தித் தொடர்பாளர், இன்னொருவர் ஸ்காட்டி ஸ்டெர்லிங் என்ற பத்திரிகையாளர். அடுத்த வருஷம் ஆகஸ்ட்டில் விங்கன்பாக்கின் வீட்டில் முதல் டிராஃப்ட் நடந்தது. மொத்தம் எட்டு அணிகள். முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜார்ஜ் பிளாண்டா. குவார்ட்டர்பேக்காகப் பந்தை எறிவார், அப்புறம் அவரே வந்து உதைத்தும் புள்ளி எடுப்பார். 48 வயது வரை, 26 சீசன் ஆடினார். அந்த முதல் தேர்வை இன்றும் மறக்காமல் சொல்கிறார்கள். அந்த வருஷம் கோப்பையை வென்றது யார் என்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது.

எங்கள் லீக் அலுவலக நண்பர்களாகத் தொடங்கியது. இப்போது ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு மாநிலம். ஆனாலும் ஆகஸ்ட் கடைசியில் டிராஃப்ட் இரவுக்கு மட்டும் எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவோம். லீக்கை நடத்தும் கமிஷனராக இருக்கும் நண்பரின் கார் ஷெட்டில் ஓர் ஓக் மரப் பலகை மாட்டியிருக்கிறது. அதில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஆட்டக்காரர் பெயர், சட்டை எண், கீழே ஒரே ஒரு வரி. வருஷத்துக்கு ஒரு பெயர்தான் ஏறும். டிராஃப்ட்டில் முதல் பெயரை அழைப்பதற்கு முன்னால் இது நடக்கவேண்டும், இது முடியாமல் யாரும் பட்டியலைத் தொடக்கூடாது.

விதிகள் கொஞ்சம்தான். அவர் ஓய்வு பெற்றிருக்கவேண்டும். முன்மொழிபவர் அவரைத் தன் அணியில் வைத்து நிஜமாக ஆடவிட்டிருக்கவேண்டும், பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இப்போது வந்து உரிமை கொண்டாடக்கூடாது. பேச இரண்டு நிமிஷம். களத்துக்கு வெளியே வீட்டில் கைநீட்டியவர்களின் பெயர், எத்தனை புள்ளி வாங்கிக் கொடுத்திருந்தாலும், பலகைக்கு வராது. இந்தக் கடைசி விதிக்காக நாங்கள் ஓர் இரவு முழுக்கச் சண்டை போட்டோம். சண்டை போட்டது நல்லது என்றே நினைக்கிறேன், அதற்குப் பிறகு யாரும் அதை மீற நினைத்ததில்லை.

எல்லாரும் எதிர்பார்க்கும் பெயர் லடேனியன் டாம்லின்சன். 2006ல் சான் டியேகோவுக்காக ஓடி 28, பந்தைப் பிடித்து 3, ஆக 31 டச்டவுன். ஒரே சீசனில் அத்தனை டச்டவுன் அவருக்கு முன்னும் யாரும் அடிக்கவில்லை, பின்னும் அடிக்கவில்லை. போதாததற்கு இரண்டு டச்டவுன் பாஸும், அதாவது மற்றவர் பிடித்து டச்டவுன் அடிக்கும் பந்தும், எறிந்தார். அந்த வருஷம் அவர் யார் கையில் இருந்தாரோ அவருக்கு டிசம்பரில் கவலையே இல்லை. அவர் பெயர் பலகையில் ஏறியது, யாரும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அன்றைக்கு முன்மொழிந்தவர் பேசியபோது எல்லாரும் தலையாட்டினார்கள், அவ்வளவுதான். எண்ணிக்கையைக் கேட்டு மனம் நிறையும், நெகிழாது.

நெகிழ்ந்தது வேறு பெயர்களுக்கு. பிட்ஸ்பர்க்கின் ஜெரோம் பெட்டிஸ் தகட்டில் இருக்கும் வரி இது: '5 ஓட்டம், 1 யார்டு, 3 டச்டவுன்.' 2004 சீசனின் முதல் வாரம், ஓக்லண்டுக்கு எதிரான ஆட்டம். அவருக்குச் செல்லப்பெயரே 'பஸ்'. அத்தனை பெரிய உடம்பு. அன்றைக்கு மற்றவர்கள் பந்தை எல்லைக் கோட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள், இவர் வந்து எதிரே நிற்பவர்களை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே போவார். நாள் முழுக்க ஓடியது 1 யார்டு, அதாவது மூன்றடி. அதில் மூன்று டச்டவுன். தகட்டைப் படிக்கிற ஒவ்வொரு புது ஆளும் இது அச்சுப்பிழையா என்று கேட்பார். உடனே யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார், கதை மறுபடி ஓடும்.

அப்புறம் கர்ட் வார்னர். நிஜ அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை. அயோவாவில் ஒரு மளிகைக் கடையில் இரவு வேலையாக அலமாரியில் சாமான் அடுக்கினார். 1999ல் செயின்ட் லூயிஸ் அணியில் மாற்று ஆளாக இருந்தார். சீசன் தொடங்குவதற்கு முன்பே முதன்மை குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனுக்கு முழங்கால் போனது, இவர் உள்ளே வந்தார். 41 டச்டவுன் பாஸ், என்.எஃப்.எல்.லின் சிறந்த ஆட்டக்காரர் விருது, சூப்பர் போல் என்ற இறுதிப் போட்டியில் வெற்றி எல்லாம் அதே சீசனில். நிஜ அணிகளே கைவிட்ட ஆளை ஃபேண்டஸி டிராஃப்ட்டில் யார் எடுப்பார்? யாரும் எடுக்காமல் மீந்திருந்த பட்டியலிலிருந்து, சீசன் தொடங்கிய பிறகு துணிந்து எடுத்தவர்களுக்கு அந்த வருஷம் அதிர்ஷ்டம். எங்கள் லீக்கில் இன்றும் மீந்த பட்டியலிலிருந்து நல்ல ஆளைக் கண்டெடுப்பவருக்குக் கொடுப்பது வார்னர் பரிசு. பலகையில் பெயர் ஏற்றுவதைவிட இது பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது, ஏனென்றால் வருஷா வருஷம் அவர் பெயரை வாயால் சொல்லவேண்டியிருக்கிறது.

வார்னரும் டாம்லின்சனும் 2017ல் ஒன்றாகவே ஒஹையோவின் கான்டன் நகரில் உள்ள பெரிய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்கு வெண்கலச் சிலை இருக்கிறது. எங்கள் பலகையில் உள்ள பிரையன் வெஸ்ட்புரூக்குக்கு அங்கே சிலை இல்லை. அதனாலேயே இந்தப் பலகை தேவை என்று வாதாடுகிறேன்.

வெஸ்ட்புரூக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2007 டிசம்பர் 16. ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ், டாலஸ் அணியின் சொந்த மைதானத்தில் 10-6 என்று முன்னணியில் இருக்கிறது. ஆட்டம் முடிய இரண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல். பந்து வெஸ்ட்புரூக் கையில். தடுப்பைத் தாண்டிவிட்டார், முன்னால் ஆளே இல்லை, கண்ணெதிரே டச்டவுன். 1 யார்டு கோட்டில் நின்று, தானாகவே தரையில் விழுந்தார். உள்ளே போயிருந்தால் ஈகிள்ஸுக்குப் புள்ளி கூடியிருக்கும், ஆனால் விதிப்படி பந்து டாலஸ் கைக்குப் போயிருக்கும். விழுந்ததால் பந்து ஈகிள்ஸிடமே இருந்தது. ஆட்டத்தை நிறுத்தி நேரத்தைப் பிடிக்க டாலஸிடம் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று முறை மண்டியிட்டு நேரத்தை ஓட்டினார்கள், ஆட்டம் முடிந்தது. தன் பெயருக்கு ஒரு டச்டவுனை எழுதிக்கொள்ள எந்த ஆட்டக்காரருக்குத்தான் ஆசை இருக்காது? அந்த அரை நொடியில் அவர் அணியை நினைத்தார்.

ஃபேண்டஸி லீக்குகளுக்கு அது நாக் அவுட் வாரம். நாடு முழுக்க அவரை வைத்திருந்தவர்களுக்கு 6 புள்ளி போச்சு. எங்கள் லீக்கில் அவரை வைத்திருந்த நண்பர் அந்த 6 புள்ளி இல்லாமல் அரையிறுதியில் வெளியேறினார். அவர் பட்ட கோபத்தை நான் பார்த்திருக்கிறேன். பிறகு வெஸ்ட்புரூக் ஓய்வு பெற்றதும் பலகைக்கு அவர் பெயரை முன்மொழிந்தது அதே நண்பர். "எனக்கு வேண்டிய புள்ளியை எனக்குத் தராமல், தன் அணிக்கு வேண்டிய வெற்றியைத் தந்த ஆள். இப்படி ஒருவர் என் அணியில் இருந்தார் என்று என் பையனிடம் சொல்லவேண்டும்" என்றார். அன்றைக்குத்தான் முதன்முறையாக எல்லா ஓட்டும் ஒரே பெயருக்கு விழுந்தது. தகட்டில் உள்ள வரி: '1 யார்டு கோட்டில் விழுந்தார்.'

இந்த ஆட்டத்தில் நாம் ஆட்களைப் புள்ளியாகப் பார்க்கப் பழகிவிடுகிறோம். அதன் ஆபத்தை எல்லாரும் ஒரே நேரத்தில் உணர்ந்த இரவு 2023 ஜனவரி 2. பஃபலோவும் சின்சினாட்டியும் ஆடிக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலான ஃபேண்டஸி லீக்குகளுக்கு அது இறுதிப் போட்டி வாரம், கடைசி ஆட்டம். முதல் கால்பகுதியிலேயே ஒரு மோதலுக்குப் பிறகு பஃபலோவின் டமார் ஹாம்லின் எழுந்து நின்று, அப்படியே பின்னால் சாய்ந்து விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிர்ப்பித்தார்கள். சுற்றி நின்ற ஆட்டக்காரர்கள் அழுதார்கள். ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டு, பிறகு ரத்தே செய்யப்பட்டது. யாருக்குக் கோப்பை என்று கேட்க அன்றிரவு எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஹாம்லின் குழந்தைகளுக்குப் பொம்மை வாங்கித்தர 2,500 டாலர் இலக்கு வைத்து ஒரு நிதி திரட்டிக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஜனங்கள் அதில் பல மில்லியன் டாலர் போட்டார்கள். எங்கள் லீக்கும் பரிசுப் பணத்தை அங்கே அனுப்பியது. கோப்பையில் அந்த வருஷத்துக்கு இரண்டு பெயர். ஹாம்லின் பிழைத்து, மறுபடி களத்துக்கும் வந்தார். அவர் ஓடியோ பிடித்தோ புள்ளி எடுக்காத தடுப்பு ஆட்டக்காரர் என்பதால் எங்கள் லீக்கில் எந்த அணியிலும் இருந்ததில்லை. விதிப்படி அவர் பெயரைப் பலகையில் ஏற்ற முடியாது. விதியை மாற்றவேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், விடப்போவதில்லை.

இந்த ஆகஸ்ட்டில் நான் முன்மொழியப்போவது ஃபிராங்க் கோர். கல்லூரியில் ஆடியபோதே இரண்டு முழங்காலிலும் தசைநார் அறுந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவர். 2005 என்.எஃப்.எல். டிராஃப்ட்டில் மூன்றாவது சுற்று வரை அவரை யாரும் தொடவில்லை. ஓடுகிறவர்கள் நாலைந்து சீசனில் தேய்ந்துபோகும் ஆட்டத்தில் அவர் 16 சீசன் ஓடினார். மொத்தம் ஓடியது மிகச்சரியாக 16,000 யார்டு. எம்மிட் ஸ்மித், வால்டர் பேட்டன் இருவர்தான் அவருக்கு மேலே. அவர் தனியாளாக எனக்கு ஒரு கோப்பை வென்று தந்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவரை இறக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்ததில்லை. மழையோ பனியோ, அவர் வருவார், ஓடுவார், பத்துப் பன்னிரண்டு புள்ளியைக் கொண்டுவந்து வைப்பார்.

போட்டி கடுமைதான். லாரி ஃபிட்ஸ்ஜெரால்டை முன்மொழிய ஒரு நண்பர் இப்போதே பேச்சு தயார் செய்துவருகிறார். 17 சீசனும் அரிசோனா என்ற ஒரே அணிக்கு ஆடி, 1,432 பந்து பிடித்தவர். அவருக்கு எதிராக எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வராது. அதனால் என் இரண்டு நிமிஷத்தையும் கோரின் முழங்கால்களைப் பற்றி மட்டுமே பேசப்போகிறேன்.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கும், பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.