மானிட்டர் அலறியது, அங்கிள் பல் துலக்கிக்கொண்டிருந்தார்! ஈசிஜி படிக்கக் கற்ற கதை

[திரையில்: மானிட்டரில் அகலமான, வேகமான அலைகள். அலாரச் சத்தம்.]

இந்தக் கோட்டைப் பாருங்கள். மருத்துவ மாணவர் யாருக்கும் இதைப் பார்த்ததும் வயிறு கலங்கும். இதயத்தின் கீழறைகள் தறிகெட்டு ஓடுகின்றன, ஆள் எந்த நொடியும் சாயலாம் என்று பாடத்தில் படித்த அதே உருவம். பினாங்கில் ஒரு வார்டில், மூன்றாம் ஆண்டு மாணவனாக இருந்தபோது, இதைப் பார்த்துத்தான் கட்டிலை நோக்கி ஓடினேன். போனால், அங்கிள் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருக்கிறார். வாய் நிறைய நுரை. என்னைப் பார்த்து "என்ன?" என்பதுபோல் புருவத்தை வேறு தூக்கினார்.

கை ஆடிய ஆட்டம்தான் அலையாக வந்திருந்தது. பின்னாலேயே வந்த தாதி அக்கா சிரிக்கவில்லை, அதற்கு நன்றி. "தம்பி, கோட்டை அப்புறம் பாருங்க, முதல்ல ஆளைப் பாருங்க" என்றார். அதே பதிவை உற்றுப் பார்த்தபோது, அந்தக் கிறுக்கலுக்கு நடுவில் உண்மையான துடிப்பின் கூர்முனைகள் சீரான இடைவெளியில் நின்றன. உருவத்தைப் பார்த்து மிரண்டேனே தவிர, இடைவெளியை அளக்கத் தோன்றவில்லை.

சரி, வரலாறு, வேகமாக. 1887இல் லண்டனில் அகஸ்டஸ் வாலர் மனித இதயத்தின் மின்சாரத்தை உடலின் மேலிருந்தே பதிவு செய்தார். பிறகு நெதர்லாந்தின் ஐந்தோவன் கருவியைத் துல்லியமாக்கினார், அலைகளுக்கு பி, கியூ, ஆர், எஸ், டி என்று பெயர் வைத்தார், 1924இல் நோபல் பரிசு வாங்கினார். வாலர் தன் நாய் ஜிம்மியை உப்புத்தண்ணீரில் நிற்கவைத்துச் செய்துகாட்டியது, 1909இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வியாகவே வந்தது. ஜிம்மிக்குத் தனி வீடியோ வேண்டும் என்றால் கமெண்டில் சொல்லுங்கள், எனக்கு ரொம்ப நாள் ஆசை.

[திரையில்: ஈசிஜி தாள், பெரிதாக்கி.]

தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி, ஐந்து சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. பி என்றால் மேலறைகளின் மின்சாரம், கியூஆர்எஸ் என்றால் கீழறைகளின் மின்சாரம். பி தொடங்கியதிலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும்வரை மூன்றிலிருந்து ஐந்து சின்னக் கட்டம் இருந்தால் சரி. அதுதான் பிஆர் இடைவெளி. இன்றைக்கு இது ஒன்று போதும்.

ஏனென்றால் எனக்குப் பிடித்த தாளத்துக்கு வந்துவிட்டோம். பெயர் வென்கேபாக்.

உங்களுக்கு ஒரு நண்பன் இருக்கிறான். தினமும் இரவு 7 மணிக்கு மாமாக் கடையில் தே தாரிக் குடிக்க வர வேண்டும். திங்கள் 7.05க்கு வருகிறான். செவ்வாய் 7.08. புதன் 7.10. வியாழன் 7.11. வெள்ளி ஆளையே காணோம். சனிக்கிழமை ஒன்றும் நடக்காததுபோல் 7.05க்கு வந்து, "அண்ணே, தே தாரிக் ஒண்ணு, சீனி குறைச்சு" என்கிறான்.

7 மணிதான் பி, நண்பன் வந்து சேர்வதுதான் கியூஆர்எஸ். இப்போது நிமிடத்தை அழித்துவிட்டுச் சின்னக் கட்டம் என்று எழுதுங்கள். பிஆர் 5, 8, 10, 11, அடுத்த பி வருகிறது, பின்னால் கியூஆர்எஸ் இல்லை. மறுபடி 5. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் மின்சாரத்தைக் கடத்திவிடும் ஏவி கணு களைத்துக்கொண்டே போய், ஒரு முறை லீவு போட்டுவிட்டுத் தெம்பாகத் திரும்புகிறது.

இதில் நான் சொக்கிப்போன இடம் வேறு. நண்பன் தாமதமாகிக்கொண்டே போகிறான், ஆனால் தாமதம் கூடும் அளவு 3, 2, 1 என்று குறைகிறது, கவனித்தீர்களா? பி அலைகள் 20 கட்டத்துக்கு ஒன்று வந்தால், துடிப்புக்கும் துடிப்புக்கும் இடைவெளி 23, 22, 21. அதாவது ஒவ்வொரு துடிப்பும் பிந்துகிறது, ஆனால் துடிப்புகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன! முதல் தடவை கேட்டபோது லெக்சரர் தப்பாகச் சொல்கிறார் என்றே நினைத்தேன். வீடியோவை நிறுத்திவிட்டு நீங்களே கூட்டிப் பாருங்கள்.

இந்தத் தாளத்துக்குப் பெயர் தந்த நெதர்லாந்து மருத்துவர் வென்கேபாக் இதைச் சொன்னது 1899இல். அப்போது ஐந்தோவனின் கருவி வரவில்லை. ஜப்பானியர் தவாரா ஏவி கணுவைக் கண்டுபிடித்து எழுதியது 1906இல். மனிதர் நாடித்துடிப்பின் பதிவை மட்டும் வைத்துக்கொண்டு இடைவெளிகளை அளந்திருக்கிறார். பல் துலக்கலில் ஏமாந்த எனக்கு இதைப் படித்தபோது கூச்சமாக இருந்தது.

வார்டில் நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தை ஈசிஜியின் மேல் வைத்து, இரண்டு பி அலைகளுக்குப் பென்சில் குறி போடுங்கள். தாளை நகர்த்திக்கொண்டே போனால், கியூஆர்எஸ் வராத இடத்திலும் பி அதன் நேரத்துக்கு வந்திருப்பது தெரியும். என் கோட்டுப் பையில் இப்படிக் குறி போட்ட துண்டுச் சீட்டுகள் கிடந்து, அம்மா துவைத்து, கூழாகியிருக்கின்றன.

மேலறைகள் நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வேறு மாதிரி. தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோவில் பாதையில் மூன்று உறுமி மேளக் குழுக்கள் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால், எந்த அடியில் கால் வைப்பது என்று தெரியாதே, அதேதான். அங்கே பி அலையைத் தேடாதீர்கள், கிடைக்காது.

[திரையில்: புதிய பதிவு.]

போவதற்கு முன் இதைப் படியுங்கள். பிஆர் 4, 4, 4. அடுத்த பிக்குப் பின்னால் கியூஆர்எஸ் இல்லை. மறுபடி 4. தினமும் 7.04க்குச் சரியாக வரும் நண்பன், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வரவில்லை. வென்கேபாக் பெரும்பாலும் சாது, தூக்கத்தில்கூட வரும். இவன் அப்படியில்லை. தே தாரிக்கை ஆறவிட்டு அவன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டிய கேஸ், பேஸ்மேக்கர்வரை போகலாம். பெயர் என்ன? கமெண்டில் எழுதுங்கள், கூகிள் பண்ணாமல்.