இரண்டு சுண்டெலிகள், ஒரு தையல்

அவைக்கு வணக்கம்.

உடம்பு பெருத்த ஒருவரைப் பார்த்தால் நம் வாயில் முதலில் வருவது, "கொஞ்சம் வாயைக் கட்டுங்களேன்." டாக்டரும் சொல்வார், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரரும் சொல்வார். விலங்கியல் சொல்லிக்கொடுத்துப் பிழைத்த நானும் சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லை எனக்குக் கூச்சமாக்கியவர் ஒருவர் உண்டு. பெயர் டக்ளஸ் கோல்மன்.

1931-இல் கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பிறந்தவர். அமெரிக்காவின் விஸ்கான்சினில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு, 1958-இல் மெய்ன் மாநிலக் கடற்கரையில் இருக்கும் பார் ஹார்பர் என்ற சின்ன ஊருக்கு வந்தார். அங்கே ஜாக்சன் ஆய்வகம். எலி வளர்ப்பதில் உலகப் பிரசித்தம். ஓரிரு வருடம் இருந்து பார்க்கலாம் என்று வந்தவர் பணி ஓய்வு வரை அங்கேயே இருந்துவிட்டார்.

அந்த ஆய்வகத்தில் 1949-இலேயே ஒரு வகைச் சுண்டெலி தென்பட்டிருந்தது. ஓயாமல் தின்னும், மற்ற எலிகளைப்போல மூன்று மடங்கு எடை போடும். அதற்கு 'ஓபி' என்று பெயர். 1960-களில் இன்னொரு வகை வந்தது. அதுவும் குண்டு, கூடவே கடுமையான சர்க்கரை நோய். அது 'டிபி'. இரண்டிலும் பழுதுபட்ட மரபணு வேறு வேறு. ஆனால் ஒரே பரம்பரையில் வளர்த்துப் பார்த்தால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

டிபி எலியின் நோய்க்குக் காரணம் இரத்தத்தில் ஓடும் ஏதாவது ஒரு பொருளா என்று பார்க்க நினைத்தார் கோல்மன். ஒரு டிபி எலியையும் ஒரு சாதாரண எலியையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைத்தார். தையல் ஆறியதும் ஒன்றின் இரத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மற்றதற்குள் போகும். கேட்கக் கொடூரமாகத்தான் இருக்கிறது, எனக்கும் அப்படித்தான்.

டிபி எலிக்கு ஒன்றும் ஆகவில்லை. செத்தது சாதாரண எலி! திறந்து பார்த்தால் இரைப்பை காலி, குடல் காலி, இரத்தச் சர்க்கரை பட்டினி கிடந்த அளவுக்கு இறங்கியிருந்தது. ஒட்டியிருந்த டிபி எலிக்கோ வயிறு முட்டத் தீனி. கூண்டில் இரை இருக்கிறது, பக்கத்தில் ஒருத்தன் மொக்குகிறான், இவன் தொடாமல் செத்துப்போகிறான். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அடுத்து ஓபியைச் சாதாரண எலியோடு தைத்தார். ஓபி தீனியைக் குறைத்துக்கொண்டது. கடைசியாக இரண்டு குண்டன்களையும், ஓபியையும் டிபியையும், சேர்த்துத் தைத்தார். டிபி எப்போதும்போலத் தின்றது. ஓபி பட்டினியால் செத்தது.

இதற்குக் கோல்மன் சொன்ன விளக்கம்: 'போதும்' என்று சொல்லும் ஒரு பொருள் இரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலிக்கு அதைச் சுரக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். டிபி எலி அதை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. கேட்கும் காது இல்லை. பதில் வராத வீட்டுக்கு மேலும் மேலும் கடிதம் எழுதுவதுபோல. அந்தக் கடிதமெல்லாம் தையல் வழியே பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கே இருந்தவன் ஒரேயடியாகச் சாப்பாட்டை நிறுத்திவிட்டான்.

1973-க்குள் இவ்வளவும் அச்சாகிவிட்டது. ஆனால் பெருந்தீனி மனக்கட்டுப்பாட்டுக் குறை என்பதுதான் அன்றைய பொதுப் பேச்சு, பலர் நம்பவில்லை. அந்தப் பொருளைப் பிரித்தெடுக்கக் கோல்மன் வருடக்கணக்கில் முயன்றார். கையில் சிக்கவே இல்லை. தர்க்கத்தால் மட்டும் கண்ட ஒன்றை அவர் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

நியூயார்க்கில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் எட்டு வருடம் போராடி, ஓபி மரபணுவை 1994-இல் பிடித்தார். அது கொழுப்புத் திசுவில் வேலை செய்கிறது. அதிலிருந்து வரும் ஹார்மோனுக்கு 'லெப்டின்' என்று பெயர் வைத்தார்கள். 'மெலிந்த' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. இரண்டு வருடத்துக்குள் டிபி எலியிடம் பழுதானது லெப்டினின் ஏற்பிதான், அதாவது அந்தச் சேதியைக் கேட்கும் காதுதான், என்று தெரிந்தது. கோல்மன் சொன்னது சொன்னபடி. 2010-இல் கோல்மன், ஃப்ரீட்மன் இருவருக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

உடனே இளைக்கும் மருந்து கிடைத்துவிட்டதாக ஒரே ஆரவாரம். அம்ஜென் என்ற மருந்து நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து லெப்டின் உரிமையை வாங்கியது. எடுபடவில்லை. ஏனென்றால் குண்டாக இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவில்லை, நிறையவே ஓடுகிறது. மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. நம்மில் பலர் டிபி பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஓபி பக்கமும் மனிதர்கள் இருந்தார்கள். 1997-இல் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ'ராஹிலி, சதஃப் ஃபாரூக்கி குழுவினர், நெருங்கிய சொந்தத்தில் மணம் செய்த ஒரு பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பத்தில் லெப்டினே சுரக்காத இரண்டு குழந்தைகளைக் கண்டார்கள். எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ. இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பிறந்ததிலிருந்து அடங்காத பசி. சாப்பாட்டை மறுத்தால் ரகளை. அந்தப் பெற்றோருக்கு ஊரார் சொன்ன புத்திமதிகளை நான் சொல்லவா வேண்டும்?

பிறகு லெப்டின் ஊசி போட்டார்கள். சிறுமி முதல் ஒரு வருடத்தில் 16 கிலோ இறங்கினாள். இந்த நோய்க்குச் சிகிச்சை பெற்ற ஒரு சிறுவனின் இரண்டு படங்கள் மருத்துவ நூல்களில் அருகருகே இருக்கும். மூன்று வயதில் 42 கிலோ, ஏழு வயதில் 32 கிலோ. இரண்டாவது படத்தில் அவன் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலிலும் நாம் பார்க்கக்கூடிய பையன்.