கடைசி ஒற்றைப் புடவை

வணக்கம் நேயர்களே.

ஆரணியில் எங்களுக்குப் பட்டுப் புடவைக் கடை. மாமனார் தொடங்கியது. கடைக்கு வருகிறவர்களுக்கு விற்பதோடு, சில வருடங்களாக எங்கள் இணையதளம் வழியாகவும் விற்கிறோம். இந்த இரண்டு விற்பனைக்கும் சேர்த்து இருப்புக் கணக்கை ஒரே மென்பொருளில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் அதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று பேச வந்திருக்கிறேன்.

ஓர் ஆவணி மாதத்தில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா, மகளின் முகூர்த்தத்துக்கென்று அரக்குப் பட்டு ஒன்றை எங்கள் தளத்தில் பார்த்து வைத்திருந்தார். மூன்று நாள் யோசித்து, மகளிடம் காட்டி, ஒரு நாள் காலை பதினொன்றேகால் மணிக்குப் பணம் கட்டினார். அதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் அதே புடவையைக் கடையில் வேறொருவருக்குப் பில் போட்டுக் கொடுத்திருந்தோம். இரண்டாவது உருப்படி கிடையாது. பணத்தை அன்றே திருப்பி அனுப்பினேன். "பணம் வந்துடுச்சும்மா, ஆனா பொண்ணு அதைத்தான் மனசுல வச்சிருந்தா" என்று அவர் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை.

அன்று எங்களிடம் மென்பொருள் இல்லாமல் இல்லை. இணையக் கடையோடு இணையும் என்று சொல்லித்தான் விற்றார்கள், இணைந்தும் இருந்தது. ஆனால் இரண்டு பக்கக் கணக்கையும் அது அரை மணிக்கு ஒரு தடவைதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. எத்தனை நிமிடத்துக்கு ஒரு தடவை என்று வாங்கும்போது நான் கேட்கவே இல்லை. அந்த அரை மணிக்குள் ஒரு புடவை இரண்டு பேருக்கு விற்றுவிட்டது.

எங்கள் தொழிலில் தறியில் நீளவாக்கில் ஏற்றுகிற ஒரே பாவில் இரண்டு மூன்று புடவை இறங்கினாலும், குறுக்கே ஓடுகிற ஊடை நூலின் நிறத்தையோ முந்தியையோ மாற்றித்தான் நெய்யச் சொல்வோம். அதனால் எங்கள் இருப்பில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணிக்கை ஒன்று. விற்றால் பூஜ்யம். கோவில்பட்டியில் என் கல்லூரித் தோழி கடலைமிட்டாய் செய்து விற்கிறாள். 2020இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு அது. அவளிடம் ஒரு ரகத்தில் நானூறு பாக்கெட் இருக்கும். அரை மணித் தாமதத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. எந்தத் தேதியில் போட்ட சரக்கு முதலில் வெளியே போகவேண்டும், பன்னிரண்டு பாக்கெட் அடங்கிய பரிசுப்பெட்டி ஒன்று விற்றால் சில்லறைக் கணக்கில் பன்னிரண்டு குறைகிறதா என்பதெல்லாம் அவள் கவலை. எனக்கு அதில் ஒன்றுகூடத் தேவையில்லை. ஆகவே எந்த மென்பொருள் நல்லது என்று யாராவது கேட்டால், உங்களிடம் ஒரு ரகத்தில் எத்தனை உருப்படி இருக்கும் என்றுதான் முதலில் கேட்பேன்.

இந்த இணைப்பு எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். குடோனில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு வழி உண்டு. அரை மணிக்கொரு தடவை கடைப் பையனை அனுப்பி எண்ணிவரச் சொல்வது ஒன்று. குடோனில் ஓர் உருப்படியை எடுத்த நிமிடமே அங்கிருந்து கடைக்குப் போன் வருவது இன்னொன்று. இந்த இரண்டாவது வழிக்கு வெப்ஹுக் என்று பெயர். இணையக் கடை நடத்த உதவுகிற ஷாப்பிஃபை, வூகாமர்ஸ் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. நீங்கள் வாங்கப்போகும் மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். அந்தப் போனும் சில சமயம் வந்துசேராமல் போகும். அதனால் தினமும் இரவில் ஒரு தடவை முழுக் கணக்கையும் ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் காலையில் காட்டுகிற மென்பொருளாக இருக்க வேண்டும். தானாகவே திருத்திவிட்டு நம்மிடம் சொல்லாமல் இருப்பதை நான் ஏற்கமாட்டேன். எங்கே தப்பு நடந்தது என்று நமக்குத் தெரிய வேண்டும் இல்லையா?

இருப்புக்கு ஓர் இடம்தான் மூலம், மற்றதெல்லாம் நகல். இதை முதல் நாளே முடிவு செய்துகொள்ள வேண்டும். இணையதளத்தில் உட்கார்ந்து ஒருவர் எண்ணிக்கையைத் திருத்துவார், கடைக் கணினியில் இன்னொருவர் திருத்துவார் என்றால் எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது. நம் ஊர்க் கடைகளில் பலர் டேலி என்கிற கணக்கு மென்பொருள் வைத்திருக்கிறோம். கணக்குக்கு அருமையானது, ஆடிட்டருக்கும் பழகியது. ஆனால் பெரும்பாலும் அது நம் கடைக் கணினியில் ஓடுகிறது. அதை இணையக் கடையோடு சேர்க்க இடையில் இன்னொரு மென்பொருள் வேண்டும். இரவில் கணினியை அணைத்துவிட்டுப் போனால் காலை வரை தகவல் போகாது. இணைய விற்பனையோ இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் சூடு பிடிக்கும். எங்கள் கடையில் இருப்பை இணையவழி மென்பொருள் ஒன்றில் வைத்துக்கொண்டு, அன்றன்றைய விற்பனையை மட்டும் டேலிக்கு அனுப்புகிறோம்.

பெயர் சொல்லுங்கள் என்பீர்கள். வூகாமர்ஸோ ஷாப்பிஃபையோ வைத்து நடத்தும் சிறிய கடை, சென்னை நிறுவனமான சோஹோவின் இன்வென்டரி என்கிற இருப்பு மென்பொருளைப் பார்க்கலாம். அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற பல சந்தைத் தளங்களில் ஒரே நேரத்தில் நிறைய ஆர்டர் எடுப்பவர்களுக்கு யூனிகாமர்ஸ், ஈசிஈகாம் போன்றவை இருக்கின்றன. மும்பையில் உருவான ஈஆர்பிநெக்ஸ்ட் திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் இல்லை, ஆனால் நிறுவிப் பராமரிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். எதை எடுத்தாலும் இனிச் சொல்லப்போகிற சோதனைகளைச் செய்யாமல் பணம் கட்டாதீர்கள்.

வாடிக்கையாளர் புடவைக்கு ஆர்டர் போட்டுவிட்டார், இன்னும் பணம் கட்டவில்லை. அந்த நேரத்தில் புடவை யாருடையது? வூகாமர்ஸில், பணம் கட்டாமல் நிற்கிற ஆர்டருக்காக இருப்பை எத்தனை நிமிடம் பிடித்துவைப்பது என்று ஓர் அமைப்பு உண்டு. நாம் தொடாவிட்டால் அது அறுபது நிமிடம். ஒற்றைப் புடவை விற்கிற எங்களுக்கு அறுபது நிமிடம் அதிகம் என்று இருபதாகக் குறைத்துக்கொண்டோம். அதைவிட முக்கியம், அந்த இருபது நிமிடமும் கடைக் கவுண்டரிலும் அந்தப் புடவை பிடித்துவைக்கப்பட்டதாகத் தெரிய வேண்டும். இணையதளத்தில் மட்டும் தெரிந்தால் போதாது. ஈரோட்டு அம்மாவுக்கு நடந்தது மறுபடி நடக்காமல் தடுக்கிற இடம் இதுதான். விற்பனைப் பிரதிநிதி வந்தால் நான் முதலில் இதைத்தான் செய்துகாட்டச் சொல்கிறேன்.

குறியீட்டு எண்ணைப் பற்றி ஒரு விஷயம். இரண்டு பக்கமும் ஒரு புடவையை அடையாளம் காண்பது எஸ்கேயு என்கிற குறியீட்டால்தான், பெயரால் இல்லை. பின்னால் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்திருந்தால்கூட இரண்டும் வேறு சரக்கு என்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் பூஜ்யத்தில் தொடங்கும் எண்களை வைத்திருந்தோம். எக்செல்லில் ஏற்றியபோது முன்னால் இருந்த பூஜ்யங்கள் எல்லாம் காணாமல் போயின. நூற்றுக்கணக்கான புடவையை மறுபடி ஒவ்வொன்றாக எடுத்து, பார்கோடு ஒட்டினோம். இப்போது எல்லாக் குறியீடும் எழுத்தில்தான் தொடங்குகிறது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் மென்பொருள் வாங்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். மாதக்கணக்கில் அலைச்சல் மிச்சம்.

வரிக்கு வருகிறேன். புடவை துணி வகையில் வருவதால் ஜிஎஸ்டி ஐந்து சதவீதம், விலை எதுவானாலும். தைத்த ஆடைக்கு அப்படியில்லை. 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் உருப்படி 2500 ரூபாய் வரை ஐந்து சதவீதம், அதற்கு மேல் பதினெட்டு. நாங்கள் தைத்த சுடிதாரும் விற்கிறோம். 2600 ரூபாய் சுடிதாருக்கு ஆடித் தள்ளுபடியாக 200 ரூபாய் குறைத்தால் விற்கிற விலை 2400, வரி ஐந்து சதவீதம் ஆகிவிடுகிறது. மென்பொருள் தள்ளுபடிக்குப் பிறகான விலையைப் பார்த்து வரி போடுகிறதா, இல்லை சரக்குக்கு என்று ஒரே வரியை ஆணி அடித்ததுபோல் வைத்திருக்கிறதா? ஒரு பில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

திரும்பி வருகிற சரக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். பொருளை வாங்கிக்கொண்டு பணம் தருகிற முறையில், கதவைத் தட்டும்போது ஆள் இல்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்று பார்சல் திரும்பும். தொழிலில் அதை ஆர்டிஓ என்கிறோம். கூரியர்காரர் திரும்புகிறது என்று குறித்தவுடனேயே சில மென்பொருள்கள் இருப்பில் ஒன்றைக் கூட்டிவிடுகின்றன. புடவை அப்போது வண்டியில் எங்கோ இருக்கிறது. கைக்கு வந்தாலும் பிரித்துப் பார்த்து, ஜரிகை நசுங்கியிருக்கிறதா, கறை உண்டா என்று பார்த்த பிறகல்லவா விற்க முடியும்? வழியில் இருப்பது, வந்து சோதிக்கவேண்டியது, விற்கத் தயாரானது என்று மூன்று நிலை இருக்கிற மென்பொருளை மட்டும் எடுங்கள்.

ஒன்றை மனதாரச் சொல்ல வேண்டும். மொத்தமே நூறு இருநூறு புடவைதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் இப்போதைக்கு மென்பொருளே வேண்டாம். இணையத்தில் போட்ட புடவைகளைத் தனி அலமாரியில் பூட்டுங்கள். கடையில் யாராவது அதைக் கேட்டால், முதலில் தளத்திலிருந்து எடுத்துவிட்டு அப்புறம் மடிப்பைப் பிரியுங்கள். நாங்கள் மென்பொருள் வந்த பிறகும் அந்த அலமாரியை விடவில்லை.

வாங்குவது என்று முடிவு செய்தால், சோதனைக் காலத்தை உங்கள் சொந்தச் சரக்கோடு பயன்படுத்துங்கள். அவர்கள் காட்டுகிற மாதிரிக் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். இருபது புடவையை ஏற்றுங்கள். ஒன்றே ஒன்று இருக்கிற புடவையை உங்கள் போனிலும் தம்பி போனிலும் ஒரே நேரத்தில் வாங்குங்கள், கவுண்டரிலும் பில் போடச் சொல்லுங்கள். யாருக்குக் கிடைக்கிறது, மற்ற இருவருக்கு என்ன செய்தி வருகிறது என்று பாருங்கள். பிறகு கடையில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு மூன்று பில் போட்டு, அரை மணி கழித்து மறுபடி இணையுங்கள். ஓர் ஆர்டரை ரத்து செய்யுங்கள். மூன்று புடவை ஆர்டரில் ஒன்றை மட்டும் திருப்பி வாங்குங்கள். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அலமாரியைக் கையால் எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கள்.

கட்டணத்தைக் கேட்கும்போது சாதாரண மாதத்தைச் சொல்லாதீர்கள். பல திட்டங்களில் மாதத்துக்கு இத்தனை ஆர்டர் என்று வரம்பு உண்டு. தீபாவளி மாத ஆர்டரைச் சொல்லிக் கேளுங்கள்.

சோதனையின் கடைசி நாளில் சரக்குப் பட்டியல், விற்பனை, வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் எக்செல் கோப்பாக இறக்கிப் பாருங்கள். யாரையும் கேட்காமல் நீங்களே இறக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்த மென்பொருளை வாங்காதீர்கள்.

வணக்கம்.