கசிவு எப்போது நடக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் கேஸ் கசியாமல் எப்போது கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்? புதுச் சிலிண்டரை மாட்டுகிற நேரத்தில். ரசாயன ஆலைகளிலும் அப்படித்தான். ஒரே சீராக ஓடும்போது வருகிற ஆபத்தைவிட, தொடங்கும்போதும் நிறுத்தும்போதும் ஏற்றி இறக்கும்போதும் வருகிற ஆபத்து அதிகம். எங்கே பேசக் கூப்பிட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன்.

வடசென்னை எண்ணூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 26, நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து உர ஆலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் குழாய் ஒன்று பெரியகுப்பம் கரையோரம் கடலுக்கடியில் போகிறது. சாதாரண அழுத்தத்தில் அம்மோனியா திரவமாகவே இருக்க வேண்டுமென்றால் மைனஸ் 33 டிகிரி குளிர் வேண்டும். அதனால் சரக்கை இறக்கும் முன் குழாயைக் குளிர்விப்பார்கள். அந்த வேலை நடக்கும்போதுதான் கசிந்தது. கடல் நீர் கொப்பளித்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல். தூக்கத்திலிருந்து எழுந்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோவிலும் பைக்கிலும் நடந்துமாக ஊரைவிட்டு ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பாருங்கள், இங்கேயும் சரக்கு இறக்கும் வேளைதான்.

   2017 ஜனவரி 28 அதிகாலையில் இதே எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் உள்ளே வர, இன்னொன்று வெளியே போக, இரண்டும் மோதி எண்ணெய் கசிந்தது. கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 அதிகாலை பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் ஸ்டைரீன் என்ற ரசாயனம் கசிந்ததும் கொரோனா பொதுமுடக்கத்தில் நிறுத்தி வைத்திருந்த ஆலையில்தான்.

எண்ணூரில் அம்மோனியாக் கப்பல் வரும் நாள் ஆலைக்கு முன்பே தெரியும். குழாயைக் குளிர்விக்கும் நேரமும் தெரியும். பக்கத்துக் குப்பத்துக்கும் அது தெரிய வேண்டாமா? முதல் நாளே ஒலிபெருக்கியில் சொல்லட்டும். பகலில் செய்ய முடிகிற வேலையைப் பகலில் செய்யட்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

தற்காப்பு பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மோனியா தண்ணீரில் சட்டென்று கரையும், அதனால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளுங்கள். காற்று போகும் திசையில் ஓடாதீர்கள், அதற்குக் குறுக்காக விலகுங்கள். கண் எரிந்தால் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். வணக்கம்.