கீழே வைக்காத சட்டி

புதுச்சேரி வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன வாரம் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தளம் போட்டார்கள். காலை 6 மணிக்கே கலவை மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது. சாரத்தில் படிக்கு ஒருவராக ஆட்கள் நின்றார்கள். கலவைச் சட்டி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்கு, அங்கிருந்து அதற்கும் மேலே இருந்த கைக்குப் போனது. யாரும் அதைக் கீழே வைக்கவில்லை. நடுவில் ஒரு சித்தாள் தண்ணீர் குடிக்கப் போனபோது, பக்கத்தில் இருந்த அக்கா உடனே ஓரடி நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டார். சட்டி நின்றால் கலவை இறுகிவிடும், அது அவருக்குத் தெரியும்.

செடியின் செல்லுக்குள், ஒரு பொருளை இன்னொன்றாக மாற்றும் புரதங்களான நொதிகள் வேலை செய்வதும் பல சமயம் இப்படித்தான். அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

செடியால் ஓட முடியாது. அதனால் நிறம், மணம், கசப்பு, நஞ்சு என்று தனக்கு வேண்டியதையெல்லாம் நின்ற இடத்திலேயே செய்துகொள்கிறது. அவுரியின் நீலம் அப்படி வந்தது. முந்திரிக் கொட்டை ஓட்டில் இருக்கும் எரிக்கும் எண்ணெயும் அப்படித்தான். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இவை எதுவும் ஒரே அடியில் உருவாவதில்லை. ஒரு நொதி ஒரு மாற்றத்தைச் செய்யும், அடுத்த நொதி அடுத்ததைச் செய்யும். வழியில் உருவாகும் இடைப்பொருள்களில் சில, முடிவில் வரும் பொருளைவிட மோசமானவை.

நான் படித்த காலத்தில் செல் என்றால் ஒரு பை நீர், நொதிகள் அதில் மிதக்கும் என்றுதான் மனதில் பதிந்திருந்தது. ஆனால் 1974-லேயே ஹெலன் ஸ்டாஃபோர்டு என்ற தாவர ஆய்வாளர், ஃபீனால் வகைப் பொருள்களையும், தண்டுக்கு உறுதி தரும் லிக்னினையும் செய்யும் நொதிகள் கூட்டாக நிற்கலாம் என்று எழுதியிருந்தார். 1985-இல் பால் ஸ்ரீர் இத்தகைய கூட்டுக்கு ‘மெட்டபாலான்’ என்று பெயர் வைத்தார்.

இதை நமக்குத் தெளிவாகக் காட்டியது சோளம். நம்ம வெள்ளைச் சோளம்தான்.

இளஞ்சோளத்தில், சயனைடைத் தனக்குள் அடக்கி வைத்திருக்கும் டூரின் என்ற பொருள் இருக்கிறது. அதைச் செய்ய மூன்று நொதிகள் போதும். முதல் நொதி, டைரோசின் என்ற அமினோ அமிலத்தை எடுத்து ஆக்சைம் வகைப் பொருளாக மாற்றுகிறது. அதுவே நச்சுத்தன்மை உள்ளது. இரண்டாவது நொதி அதை நைட்ரைலாக மாற்றுகிறது. இந்த நைட்ரைல் நிலையில்லாதது. சற்று நேரம் சும்மா விட்டால் தானே உடைந்து ஹைட்ரஜன் சயனைடை வெளியே விட்டுவிடும். அதற்குள் மூன்றாவது நொதி ஒரு குளுக்கோஸைப் பூட்டி, டூரினாக்கி அடக்கிவிட வேண்டும். முதல் இரண்டு நொதிகளும், செல்லுக்குள் பரவியிருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில் ஊன்றி நிற்பவை. மூன்றாவது, செல் நீரில் திரிவது. வேலை வந்ததும் அது அந்த இரண்டோடு வந்து சேர்ந்துகொள்கிறது.

சேர்ந்துகொள்கிறது என்பது ஊகம் இல்லை. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் பிர்கர் லின்ட்பெர்க் மோல்லரின் குழுவினர் 2016-இல் இதைக் காட்டினார்கள். சவ்வைக் கரைத்துச் சிதைக்காமல், ஒரு பாலிமரைக் கொண்டு சின்னச் சின்ன வில்லைகளாக வெட்டி எடுத்தார்கள். கொழுப்பும் நொதிகளும் இருந்தபடியே வெளியே வந்தன. உடன் நிற்பவர்கள் யார் யார் என்பது அப்போது தெரிந்தது.

அதைவிட என்னை அசத்தியது அதற்கு முந்தைய ஒரு சோதனை. கடுகுக் குடும்பத்தில் அராபிடாப்சிஸ் என்று ஒரு சின்னச் செடி உண்டு. அதற்கு டூரின் செய்யத் தெரியாது. சோளத்தின் மூன்று மரபணுக்களையும் அதில் ஏற்றினார்கள். செடி டூரின் செய்யத் தொடங்கியது. அதன் இலையைக் கடிக்க வந்த தெள்ளு வண்டு விலகிப் போனது. இது 2001-இல். 2005-இல் வந்த அடுத்த ஆய்வில், உலர் எடையில் 4 சதவீதம் வரை டூரின் சேர்ந்தும் செடி ஏறக்குறைய இயல்பாகவே வளர்ந்தது. சரி, மூன்றாவது மரபணுவை விட்டுவிட்டு முதல் இரண்டை மட்டும் ஏற்றினால்? செடி குட்டையாகிப் போனது. இடைப்பொருள்கள் கசிந்து, அவற்றைச் சமாளிக்கவே செடி திண்டாடியது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்க வைத்திருந்த பொருளைக்கூட இழந்தது. வரிசையில் கடைசி ஆள் இல்லாமல் சட்டி மட்டும் மேலே வந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும், அதுதான் ஆனது.

தளம் போட்டு முடிந்ததும் ஆட்கள் கலைந்து வேறு வேலைக்குப் போவது போல, இந்த நொதிக் கூட்டும் தேவைக்கேற்பக் கூடிக் கலையும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சாரமும் உண்டு. லிக்னின் செய்யும் நொதிகளைச் சவ்வில் பிடித்து நிறுத்தும் புரதங்களை 2018-இல் கண்டறிந்தார்கள்.

எல்லாச் செடியும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தித்தான் வேலை வாங்கும் என்று சொல்ல மாட்டேன். வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணி, ஒரு பொருளை செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற நீர்ப்பையில் வைத்துவிட்டு, அதை உடைக்கும் நொதியை உட்கருவில் வைத்திருக்கிறது. அங்கே பிரித்து வைப்பதுதான் பாதுகாப்பு.

செய்து முடித்த டூரினைச் சோளமும் அப்படித்தான் பிரித்து வைக்கிறது. டூரின் இலைத் தோல் செல்களில் இருக்கும், அதை உடைக்கும் நொதி உள்ளே இருக்கும் செல்களில். மாடு மென்றால் இரண்டும் கலந்து சயனைடு கிளம்பும்.

சின்ன வயதில் விருத்தாசலம் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போவோம். மாடு ஓட்டிக்கொண்டு கிளம்பும்போதெல்லாம் பெரியப்பா கத்துவார்: "தம்பி, மறுதாம்புல மட்டும் வுட்டுடாதடா!" அறுத்த கட்டையிலிருந்து துளிர்க்கும் இளஞ்சோளத்தைச் சொல்கிறார். அவர் டூரின் என்ற பெயரைக் கேட்டதில்லை. எனக்கு அந்தப் பேச்சின் பொருள் கல்லூரி ஆய்வகத்தில்தான் முழுதாகப் புரிந்தது. அதை அவரிடம் சொல்ல, அப்போது அவர் இல்லை.

தீவனச் சோளம் போட்டிருக்கும் நேயர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். மறுதாம்பிலும், மழையில்லாமல் வாடிய பயிரிலும், முழங்கால் உயர இளம்பயிரிலும் மாட்டை விடாதீர்கள். பூ எடுத்த பிறகு அறுத்து, நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். மேய்ந்த மாடு மூச்சு வாங்கித் தள்ளாடினால் கைவைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காமல் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். நரம்பில் ஏற்ற சோடியம் தயோசல்ஃபேட் மருந்து இருக்கிறது. ஆனால் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான்.

வணக்கம்.