துரும்பு இல்லாத ஆட்டம்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் கடதாசி விளையாட்டு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 304 தான். அதை ஆடிப் பழகியவர்கள் போக்கர் மேசையில் அமரும்போது, ஒரே இனத்துக் கடதாசிகள் இரண்டு வந்தாலே ஆட்டத்தில் இறங்கிவிடும் பிழையைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன். அந்தப் பிழையை நானும் நெடுங்காலம் செய்தவன்.

304 இல் துரும்பின் ஏழு, புள்ளியே இல்லாத அந்த ஏழு, வேறு இனத்தின் 30 புள்ளி பெறுமதியான ஜேக்கையும் வெட்டிவிடும். ஆகவே ஒரே இனத்துக் கடதாசிகள் கையில் சேர்ந்தால் நமக்கு உற்சாகம் பிறப்பது இயல்பு. போக்கரில் துரும்பு என்று ஒன்று கிடையாது. டெக்ஸஸ் ஹோல்டம் முறையில் உங்களுக்கென்று இரண்டு கடதாசிகளும், எல்லோருக்கும் பொதுவாக மேசையில் ஐந்தும் கிடைக்கின்றன. அந்த ஏழில் ஒரே இனத்தவை ஐந்து சேர்ந்தால்தான் ஃப்ளஷ்.

கல்லடியில் எங்கள் வீட்டு விறாந்தையில், புளியங்கொட்டைகளைப் பந்தயமாக வைத்து, கனடாவிலிருந்து வந்திருந்த மருமகனுடனும் அயலவர்களுடனும் ஆடிய ஓர் இரவில், எனக்கு இஸ்பேட் ராசாவும் நாலும் வந்தன. மேசையில் முதலில் திறந்த மூன்றில் இரண்டு இஸ்பேட். நான்காவதும் இஸ்பேட்டாகவே விழ, கையிலிருந்த கொட்டைகள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். மருமகன் இஸ்பேட் ஆசு, ஏழு இரண்டையும் விரித்துக் காட்டினான். அவனுடையதும் ஃப்ளஷ்தான், ஆனால் என்னுடையதைவிடப் பெரியது. நினைத்தது கைகூடிய பின்னரும் தோற்பதுதான் இத்தகைய கையின் உண்மையான ஆபத்து.

அது கைகூடுவதும் அரிது. ஒரே இனத்து இரண்டு கடதாசிகளை வைத்திருப்பவருக்கு முதல் மூன்றிலேயே ஃப்ளஷ் அமைவது ஏறத்தாழ 119 தடவைக்கு ஒருமுறை. அந்த மூன்றில் இரண்டு பொருந்தி, இன்னும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் நிலை ஏறக்குறைய ஒன்பதுக்கு ஒருமுறை வரும். அப்படிக் காத்திருந்தாலும், மிகுதி இரண்டு கடதாசிகளில் அது நிறைவேறும் வாய்ப்பு 35 சதவீதம் மட்டுமே. பெரும்பாலான வேளைகளில் உங்களிடம் இருப்பது ஃப்ளஷ் அல்ல, வெறும் ராசாவும் நாலும். ராசா சோடி சேர்ந்தால் இன்னும் மோசம். ராசாவோடு குவீனை வைத்திருப்பவர் எதிரில் இருந்தால், சோடி சமமாகி அவருடைய குவீன் உங்கள் நாலை வென்றுவிடும்; விட்டுவிடவும் மனம் வராமல் கடைசிவரை கொட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் எறிந்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆசுடன் சேர்ந்த சிறு கடதாசி வேறு வகை, ஏனெனில் அந்த ஃப்ளஷை இன்னொரு ஃப்ளஷ் வெல்வது மிக அரிது. ஏழும் எட்டும் போன்று அடுத்தடுத்து வருபவை வரிசையாகவும் அமையக்கூடும். அவற்றையும் கடைசியாகப் பேசும் இடத்திலிருந்து, எவரும் பந்தயத்தை உயர்த்தாதபோது ஆடுவதே என் வழக்கம். முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால், பின்னால் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அறியாமலே பந்தயம் கட்ட நேரிடும்.

சென்ற வாரம் அதே இஸ்பேட் ராசாவும் நாலும் எனக்கு மீண்டும் வந்தன. பேச வேண்டியவர்களில் முதலாமவனாக இருந்ததால் கவிழ்த்துவிட்டேன். மேசையில் முதல் மூன்றும் இஸ்பேட்டாகவே விழுந்தன. ஆட்டம் முடிந்ததும் என் கடதாசிகளைப் புரட்டிப் பார்த்த மருமகன், "மாமா, நீங்கள் சொல்லும் 119 இல் அந்த ஒன்று இதுதான்" என்றான்.